கண்ணைக் காக்கும் பகல் வெளிச்சம்

உங்கள் வகுப்பில் மூக்குக் கண்ணாடி அணிந்தவர்கள் எத்தனை பேர் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பிறகு உங்கள் தாத்தாவிடமோ பாட்டியிடமோ, அவர்கள் படித்த காலத்தில் வகுப்பில் எத்தனை பேர் கண்ணாடி அணிந்திருந்தார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் "யாருமில்லை" அல்லது "ஒருவரோ இருவரோ" என்றுதான் விடை வரும்.

இந்த மாற்றத்திற்குக் காரணம் யாது? "ஓயாமல் புத்தகத்தையும் கைப்பேசியையும் பார்த்தால் கண் கெடாமல் என்ன செய்யும்?" என்பார்கள் பெரியவர்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் காரணத்தின் மறுபாதி நம் வீட்டு வாசலுக்கு வெளியே இருக்கிறது!

கண் ஏன் நீள்கிறது?

பிறந்த குழந்தையின் விழிக்கோளம் முன்னிருந்து பின்னாகச் சுமார் 17 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். குழந்தை வளர வளர அதுவும் வளர்ந்து, பெரியவர்களுக்குச் சுமார் 24 மில்லிமீட்டர் ஆகிறது. உரிய அளவில் வளர்ச்சி நின்றுவிட்டால், தொலைவிலுள்ள பொருளின் பிம்பம் விழித்திரையின்மேல் சரியாக விழும். கோளம் அளவுக்கு மீறி நீண்டுவிட்டாலோ, பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடும். கரும்பலகை எழுத்து மங்கலாகத் தெரியும். இதுவே கிட்டப்பார்வை. ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டாலே, மைனஸ் இரண்டரை பவர் அளவுக்குக் கண்ணாடி தேவைப்படலாம்.

நீண்ட கண் மீண்டும் சுருங்குவதில்லை. கண்ணாடி பார்வையைத் தெளிவாக்குமே தவிர, கண்ணின் நீளத்தைக் குறைக்காது. பவர் மிக அதிகமானால், பிற்காலத்தில் விழித்திரை பிரிதல், கண்ணழுத்த நோய் போன்ற ஆபத்துகளும் கூடுகின்றன. ஆகவே, கிட்டப்பார்வை வராமல் தடுப்பதும், வருவதைத் தள்ளிப்போடுவதும் பெரும் பயன் தரும்.

இரு நகரங்கள் சொன்ன செய்தி

2008-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வைப் பாருங்கள். சிங்கப்பூரிலும் ஆஸ்திரேலியாவின் சிட்னியிலும் வாழும் சீன இனத்துக் குழந்தைகளின் கண்களை ஆராய்ச்சியாளர்கள் சோதித்தனர். எல்லோரும் 6, 7 வயதினர். சிங்கப்பூரில் 100-க்கு 29 குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை இருந்தது. சிட்னியில் 100-க்கு 3 பேருக்குத்தான்! இரு நகரங்களிலும் கிட்டப்பார்வையுள்ள பெற்றோரின் விகிதம் ஏறக்குறைய ஒன்றே. சிட்னிக் குழந்தைகள் அதிகப் புத்தகங்கள் படித்தனர் என்பது இன்னும் வியப்பு. அப்படியானால் வேறுபாடு எங்கே? சிட்னிக் குழந்தைகள் வாரத்திற்குச் சுமார் 14 மணி நேரம் வெளியில் இருந்தனர். சிங்கப்பூர்க் குழந்தைகள் இருந்ததோ 3 மணி நேரமே.

இது தற்செயலாக இருக்கலாம் அல்லவா? அதையும் சோதித்துவிட்டார்கள். சீனாவின் குவாங்சௌ நகரில் 12 பள்ளிகளைத் தேர்ந்தெடுத்தனர். 6 பள்ளிகளில் முதல் வகுப்புக் குழந்தைகளுக்குத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் வகுப்பு நடத்தினர். மற்ற 6 பள்ளிகளில் எந்த மாற்றமும் செய்யவில்லை. 3 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, வழக்கம்போல் நடந்த பள்ளிகளில் 100-க்கு ஏறத்தாழ 40 பேருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியில் வகுப்பு நடந்த பள்ளிகளில் அது 30 ஆக இருந்தது. இந்த முடிவு 2015-இல் வெளியாயிற்று.

ஓட்டமா, ஒளியா?

ஓடியாடுவதுதான் கண்ணைக் காக்கிறதா? இல்லை. கூரைக்கு அடியில் ஆடும் ஆட்டங்களால் இந்தப் பலன் கிடைப்பதில்லை என்று சிட்னியில் நடந்த மற்றோர் ஆய்வு காட்டியது. வெளியில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் பலன் உண்டு. ஆகவே காவல் செய்வது வெளிச்சமே.

வெளிச்சத்தை 'லக்ஸ்' என்னும் அலகால் அளக்கிறோம். விளக்கு எரியும் வகுப்பறையில் பொதுவாகச் சில நூறு லக்ஸ் வெளிச்சம் இருக்கும். பகலில் மரநிழலிலேயே பல ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். நேர் வெயிலிலோ ஒரு லட்சம் லக்ஸ் வரை உண்டு. இவ்வளவு பெரிய வேறுபாடு நமக்கு ஏன் தெரிவதில்லை? நம் கண் தன்னைத்தானே சரிசெய்துகொள்கிறது. ஒரு கண்ணாடியை எடுத்துக்கொண்டு சன்னலோரம் நில்லுங்கள். பிறகு அறையின் இருண்ட மூலைக்குச் செல்லுங்கள். கண்ணின் நடுவிலுள்ள கண்மணி சுருங்குவதையும் விரிவதையும் நீங்களே காணலாம். (சூரியனை மட்டும் ஒருபோதும் நேராகப் பார்க்காதீர்கள்.)

பிரகாசமான ஒளி விழித்திரையில் பட்டதும், அங்கே 'டோபமின்' என்னும் வேதிப்பொருள் கூடுதலாகச் சுரக்கிறது. அது விழிக்கோளத்தின் வளர்ச்சிக்குக் கடிவாளம் போடுகிறது என்று அறிவியலார் கருதுகின்றனர். கோழிக்குஞ்சுகளிடம் நடந்த சோதனைகள் இதற்குச் சான்று. பலத்த ஒளியில் வைத்த குஞ்சுகளுக்குக் கிட்டப்பார்வை குறைந்தது. டோபமினைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தியதும் அந்தப் பாதுகாப்பு மறைந்துவிட்டது.

நாம் செய்ய வேண்டியது

தைவான் 2010-இல் தன் பள்ளிப் பிள்ளைகளுக்கு 'நாள்தோறும் 120 நிமிடம் வெளியில்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. அதுவரை ஆண்டுதோறும் பெருகிவந்த பார்வைக் குறைவு, 2012-க்குப் பின் மெல்லக் குறையத் தொடங்கிற்று. கடும் வெயில் தேவையில்லை, மரநிழல் வெளிச்சமே உதவும் என்பதையும் 2018-இல் அங்கு வெளியான ஆய்வு காட்டியது. உச்சிவெயில் கொளுத்தும் நம் ஊருக்கு இது நல்ல செய்தி. காலை வேளையிலும், பள்ளி விட்டபின் பொழுது சாயுமுன்னும், வேப்பமர நிழலில் பாண்டியோ கில்லியோ பச்சைக்குதிரையோ ஆடலாம். புத்தகத்தைத் திண்ணைக்குக் கொண்டுவந்து படித்தாலும் அறையைவிட மேல்.

ஆனால் ஒன்று: வெளியில் விளையாடுவது ஏற்கெனவே வந்த கிட்டப்பார்வையை நீக்காது. கரும்பலகை மங்கலாகத் தெரிந்தால் தயங்காமல் ஆசிரியரிடமும் வீட்டிலும் சொல்லுங்கள். கண்ணாடி அணிந்தால் பவர் கூடிவிடும் என்று அஞ்ச வேண்டாம்.

பல பள்ளிகளில் தேர்வு நெருங்கியதும் விளையாட்டுப் பாடவேளை கணக்குப் பாடத்திற்குப் போய்விடுகிறது. அங்கே இழப்பது வெறும் விளையாட்டை அல்ல. அந்தக் கணக்கைக் கரும்பலகையில் படிக்க உதவும் கண்களின் நலத்தையும்தான். இக்கட்டுரையை உங்கள் ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் காட்டுங்கள். பிறகு, தம்பி தங்கையரையும் அழைத்துக்கொண்டு வெளியே புறப்படுங்கள்!