தகவல் துளி: பிந்தி மலர்ந்த பேனாக்கள்

இலங்கையின் ஹாலிஎலவுக்கு அண்மையில், ஊவாகட்டவளைத் தோட்டத்தில் 1934ஆம் ஆண்டு பிறந்து, 1960களிலேயே சிறுகதைகளால் அறியப்பட்டவராயினும், எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் 'குடைநிழல்' என்னும் சிறு நாவலை நூலாக வெளியிட்டபோது எழுபது பிராயத்தைத் தாண்டியிருந்தார். சந்தேகத்தின் பேரில் கைதாகும் ஒரு சாதாரணத் தமிழ்க் குடும்பஸ்தனின் துயரைச் சொல்லும் அக்கதையிலும், அதிகாரத்தின் அபத்தத்தை உற்றுநோக்கும் மெல்லிய அங்கதம் இழையோடுவதே அதன் விசேஷம். தமிழகத்தின் விஷ்ணுபுரம் விருது 2013இல்தான் அவரை வந்தடைந்தது.

அவரோடு சேர்த்துப் படிக்கத்தக்கவர், 1916இல் பிறந்த ஆங்கில நாவலாசிரியை பெனலோப்பி ஃபிட்ஸ்ஜெரால்ட். நோயுற்றிருந்த கணவரை மகிழ்விக்கவென்று அவர் எழுதிய முதல் நாவல் 1977இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 60. தேம்ஸ் நதியில் ஒரு படகுவீட்டில் வறுமையோடு வாழ்ந்து, அப்படகே மூழ்கிப்போகக் கண்ட அநுபவத்திலிருந்து பிறந்த 'ஆஃப்ஷோர்' 1979இல் புக்கர் பரிசு பெற்றது. பிறர் ஐந்நூறு பக்கங்களில் விரிப்பதை இருநூறுக்குள் அடக்கி, தோல்வியுறும் மனிதர்களைக் கருணை கலந்த ஹாஸ்யத்தோடு சித்திரித்து, வாசகரின் புத்தியை மதித்து எதையும் விளக்காமல் நகர்ந்துவிடும் அந்தச் சுருக்கமே, என் அபிப்பிராயத்தில், அவருடைய எழுத்தின் தலையாய வசீகரம். பலராலும் அவரது உன்னத சிருஷ்டி எனப் போற்றப்படும் 'நீல மலர்' வெளியானபோது அவருக்கு வயது 78.