வழியும் குடியும்

களனி கங்கை கடலோடு கலக்கும் முகத்துவாரத்திற்கு வடக்கே அமைந்த ஊர் ஹெந்தளை. ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் கடல், மற்றொரு பக்கம் முத்துராஜவெல என்னும் பெருஞ் சதுப்பு நிலம். 1708ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் இங்கே தொழுநோயாளருக்கென மருத்துவமனை ஒன்றை நிறுவினர். நோயுற்றோர் நகரத்தாரோடு கலவாதிருத்தல் வேண்டும் என்பது அக்காலத்தார் எண்ணம். கொழும்புக் கோட்டையிலிருந்து ஹெந்தளை சில மைல் தொலைவே. ஆயினும் இடையில் ஆறு ஓடியது, ஆற்றின்மேல் பாலம் இல்லை. நகருக்கு அருகிலிருந்தும் எட்டாத இடமாக அது இருந்தது.

இன்றோ, ஹெந்தளையிலிருந்தும் அதனை அடுத்த வத்தளை, மாபோலை முதலிய ஊர்களிலிருந்தும் பெருந்திரளான மக்கள் காலைதோறும் கொழும்புக்கு வேலைக்குச் சென்று மாலையில் மீளுகின்றனர். அவர்களுள் தமிழ் பேசுவோர் கணிசமானோர். மூன்று நூற்றாண்டுகளில் ஆறு இடம் பெயரவில்லை, கோட்டையும் பெயரவில்லை. மாறியவை வழிகளே. வழி சென்ற திசையில் குடியும் சென்றது. வழி அடைபட்டபோது குடி கலைந்தது. பிழைப்பை நாடிக் கொழும்புக்கு வந்த வெளியூர்த் தமிழரின் வரலாற்றை இவ்வழிகளைத் தொடர்ந்து சென்றே பெரும்பாலும் அறிந்துகொள்ளலாம்.

ஹெந்தளைக்குக் கிடைத்த முதற்பெரும் வழி நீர்வழி. 1802ஆம் ஆண்டு தொடங்கி 1804இல் ஆங்கிலேயர் வெட்டி முடித்த ஹமில்டன் கால்வாய், களனி கங்கையிலிருந்து நீர்கொழும்பை நோக்கி ஹெந்தளை வழியே செல்கிறது. முத்துராஜவெலவிலுள்ள உப்பு நீரை வடியச் செய்வதே அதன் நோக்கம். ஆயினும் வள்ளங்கள் போவதற்கும் அது பயன்பட்டது. அடுத்து, 1822இல் ஆற்றின்மேல் படகுப் பாலம் அமைந்தது. படகுகளை வரிசையாக நிறுத்திப் பிணைத்து, மேலே பலகை பரப்பி, வண்டிகள் செல்லும்படி செய்திருந்தனர். ஆற்றில் வரும் ஓடங்களுக்கு வழிவிட அப்பாலத்தின் ஒரு பகுதியைத் திறந்து மூடுவது வழக்கம். 1895இல் அதற்குப் பதிலாக விக்டோரியா இரும்புப் பாலம் எழுந்தது. துறைக்கு அருகிலுள்ள இடம் என்னும் பொருளுடைய தொட்டலங்க என்ற சிங்களப் பெயர், பாலம் வருவதற்கு முற்பட்ட ஓடத்துறையை இன்றும் நினைவூட்டி நிற்கிறது.

கொழும்பைப் பெருநகராக்கியது துறைமுகம். 1869இல் சுயஸ் கால்வாய் திறந்தபின் கீழைநாட்டுக் கப்பல்கள் இலங்கையைக் கடந்து செல்வது பெருகிற்று. அதுவரை அவை பெரும்பாலும் காலித் துறைமுகத்தையே நாடின. கொழும்பில் 1875இல் அடிக்கல் நாட்டப்பட்ட அலைதாங்கி 1885இல் முற்றுப்பெற்றது. காலியின் செல்வாக்குக் கொழும்புக்கு மாறியது. கப்பலில் ஏற்றவும் இறக்கவும், பண்டசாலைகளில் மூட்டை சுமக்கவும், கடைகளில் கணக்கெழுதவும் ஆட்கள் தேவைப்பட்டனர். தமிழ்நாட்டிலிருந்தும் மலையாளத்திலிருந்தும் அவர்கள் வந்தனர். செட்டியார் தெருவில் நகரத்தார் வட்டிக் கடைகளும் கதிரேசன் கோயில்களும் அமைந்தன. துறைமுகத்தை ஒட்டிய கொட்டாஞ்சேனையும் கொச்சிக்கடையும் உழைப்பாளருக்கும் வணிகருக்கும் உறைவிடங்களாயின. 1856இல் பொன்னம்பல முதலியார் எடுப்பித்த பொன்னம்பலவாணேசர் ஆலயமும் புனித லூசியாள் பேராலயமும் அக்குடியிருப்புகளின் நடுவே விளங்குகின்றன.

1899இல் மின்சாரத்தால் ஓடும் டிராம் வண்டிகள் கொழும்பில் ஓடத் தொடங்கின. கோட்டையிலிருந்து ஒரு பாதை கிராண்ட்பாசுக்கும், மற்றொன்று பொறளைக்கும் சென்றது. கால்நடையாகவே வேலைக்குச் சென்ற எளியவன், இனித் தொழிலிடத்திலிருந்து சற்று விலகியும் குடியிருக்கலாம் என்றாயிற்று. 1929இல் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் டிராம் தொழிலாளர் செய்த வேலைநிறுத்தம் இலங்கைத் தொழிலாளர் இயக்க வரலாற்றில் இடம்பெற்றது. 1960இல் டிராம் மறைந்தது. 1953இல் வந்த டிரொலி பஸ்ஸும் 1964இல் நின்றது.

கொட்டாஞ்சேனையைத் துறைமுகம் வளர்த்ததுபோல், வெள்ளவத்தையைப் புகைவண்டி வளர்த்தது. கொழும்பிலிருந்து தெற்கே கடலோரமாகச் செல்லும் பாதை 1877இல் மொறட்டுவை வரை எட்டியது. 1905இல் வடக்குப் பாதை முற்றுப்பெற்று, யாழ்ப்பாணத்தாருக்குக் கொழும்பு ஓர் இரவுப் பயணத் தொலைவாயிற்று. ஆங்கிலம் கற்ற வடபகுதி இளைஞர் அரசாங்கக் கந்தோர்களில் லிகிதர்களாக அமர்ந்தனர். கந்தோர் கோட்டையில், வீடு வெள்ளவத்தையில், மனமும் காணியும் யாழ்ப்பாணத்தில் என அவர்கள் வாழ்வு மூன்றாகப் பிரிந்திருந்தது. விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பும்போது பனாட்டும் ஒடியலும் மிளகாய்த்தூளும் கூடவே வரும். 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி இவ்விரு வாழ்வையும் மேலும் நெருங்கப் பிணைத்தது. 1942இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தையில் நிலைகொண்டதும், அப்பகுதியைச் சிறு யாழ்ப்பாணம் என்று மக்கள் அழைத்ததும் வியப்பன்று.

இந்தியாவிலிருந்து வந்தோருக்கும் தனி வழி உண்டு. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே சுதேசிக் கப்பல் ஓட்ட 1906இல் வ. உ. சிதம்பரம்பிள்ளை நிறுவனம் கண்டார். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடி, இருபுறத்துப் புகைவண்டிகளையும் இணைத்தது. எனினும் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் இந்திய வம்சாவளியினர் மிகப் பலர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு ஸ்ரீமா – சாஸ்திரி ஒப்பந்தத்திற்குப் பின்னர், மூதாதையரை ஏற்றிவந்த அதே கடல்வழியே பேரப்பிள்ளைகளைத் திருப்பி ஏற்றிச் சென்றது.

வழி வரவேற்கும், ஆனால் வந்தவரை இருக்கவிடுவது சட்டமும் சமூகமும் ஆகும். இவ்வுண்மைக்குச் சீன நாட்டில் பழைய சான்று ஒன்றும் புதிய சான்று ஒன்றும் உள்ளன. சீனத்தின் பெருந் துறைமுகமாக விளங்கிய சுவான்சௌ நகரில் தமிழ் வணிகர் சிவாலயம் எடுத்தனர். 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு அங்கே கிடைத்துள்ளது. அடுத்த நூற்றாண்டில் உள்நாட்டுக் கலகம் மூண்டது. பின்வந்த மிங் அரசர் தனியார் கடல் வாணிகத்தைத் தடுத்தனர். தமிழ்க் குடி மறைந்தது. அக்கோயிலின் செதுக்குத் தூண்கள் ஒரு பௌத்தக் கோயிலில் இன்று நிற்கின்றன. புதிய சான்று ஷென்சென். 1980இல் சிறப்புப் பொருளாதார வலயமான அந்நகர், வெளியூரார் உழைப்பால் கோடிக்கு மேற்பட்ட மக்களைக் கொண்டதாக வளர்ந்தது. 2004இல் நிலத்தடிப் புகைவண்டி வந்தது. 2017இல் பஸ் வண்டிகள் யாவும் மின்சாரத்தில் ஓடின. இவ்வளவு இருந்தும், உள்ளூர்க் குடிப்பதிவு பெறாத தொழிலாளரின் பிள்ளைகளுக்கு அரசாங்கப் பாடசாலையில் இடம் பெறுவது நெடுங்காலம் அரிதாகவே இருந்தது.

கொழும்பிலும் இப்பாடம் கடுமையாகவே கற்பிக்கப்பட்டது. 1958ஆம் ஆண்டுக் கலவரத்தில் வீடிழந்த தமிழர் கப்பலேறிக் காங்கேசன்துறை சென்றனர். 1983 ஜூலையிலும் அவ்வாறே நிகழ்ந்தது. வெள்ளவத்தையில் வீடுகளும் கடைகளும் எரிந்தன. ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்டூடியோவும் அந்நாட்களில் தீக்கிரையாயிற்று. 1990இல் யாழ்தேவி யாழ்ப்பாணம் செல்வது நின்றது. போர்க்காலத்தில் கடவுச்சீட்டுக்கும் வெளிநாட்டுப் பயணத்திற்கும் மருத்துவத்திற்கும் வந்தோர் கொழும்பின் விடுதிகளில் மாதக்கணக்கில் தங்கினர். 2007 ஜூன் மாதத்தில் அவ்விடுதிகளிலிருந்து 300க்கு மேற்பட்ட தமிழர் வெளியேற்றப்பட்டு, பஸ் வண்டிகளில் வவுனியாவுக்கும் பிற இடங்களுக்கும் அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. தலைநகரில் தங்குவதற்குக் குடிமகன் ஒருவன் காரணம் காட்ட வேண்டுமா என்னும் வினா அன்று எழுந்தது. யாழ்ப்பாணத்திற்குப் புகைவண்டி மீண்டும் ஓடியது 2014 அக்டோபரில்.

இவ்வாண்டுகளில் நகரினுள் காணி விலை உயர்ந்தது. கொட்டாஞ்சேனையில் நெருங்கி வாழ்ந்த குடும்பங்கள் பல ஆற்றைக் கடந்து வத்தளையிலும் ஹெந்தளையிலும் வீடு கொண்டன. ஒல்லாந்தர் நோயாளரை ஒதுக்கிய கரை, நடுத்தரக் குடும்பத்தார் விரும்பும் கரையாயிற்று. ஆனால் ஹெந்தளை கொழும்பு மாநகர எல்லைக்குள் இல்லை. அது கம்பஹா மாவட்டத்தைச் சேர்ந்தது. புகைவண்டிப் பாதையும் அவ்வூரைத் தொடவில்லை. தொழிலுக்கு மட்டுமன்றித் தமிழ்வழிக் கல்விக்கும் பிள்ளைகள் பலர் ஆற்றைக் கடந்து செல்ல வேண்டியதாயிற்று.

அண்மைக்காலத்தில் பெரிய வழிகள் அமைந்துள்ளன. சீன நிறுவனம் ஒன்று கட்டிய கொழும்பு – கட்டுநாயக்கா அதிவேகப் பாதை 2013 அக்டோபரில் திறக்கப்பட்டது. அதன் நீளம் ஏறக்குறைய 26 கிலோமீற்றர். 2021இல் களனி கங்கைமீது வடங்கள் தாங்கும் புதிய பாலம் ஜப்பானிய உதவியுடன் எழுந்தது. கோட்டைக்கு எதிரே கடலைத் தூர்த்து 269 ஹெக்டேயர் பரப்பில் துறைமுக நகரம் உருவாயிற்று. அதனைக் கட்டவந்த சீனப் பொறியியலாளரும் தொழிலாளரும் கொழும்பின் புதிய வெளியூர்க் குடிகளாயினர். இவ்வளவுக்கும் நடுவே, கோட்டையையும் மாலபேயையும் இணைக்கவிருந்த இலகு ரயில் திட்டம் 2020இல் கைவிடப்பட்டது.

அதிவேகப் பாதையில் மோட்டார்ச் சைக்கிளுக்கும் முச்சக்கர வண்டிக்கும் இடமில்லை. விமானம் ஏறுவோர் நகரைவிட்டு விரைந்து செல்ல அது உதவுகிறது. ஹெந்தளையில் வாழும் கடைச் சிப்பந்திக்கும் ஆசிரியைக்கும் பாடசாலைப் பிள்ளைக்கும் வேண்டியது வேறு: குறித்த நேரத்தில் வரும் பஸ், நெரிசலின்றிக் கடக்கக்கூடிய பாலம், வீட்டுக்கு அருகில் தம் மொழியில் ஒரு பாடசாலை. இவற்றுக்கு ஆகும் செலவு, கடலைத் தூர்ப்பதற்கு ஆகும் செலவில் சிறு பகுதியே. வந்தவர் உழைப்பால் வளர்ந்த நகரம், அவர் காலையில் வேலைக்கு வருவதற்கு வழி செய்வதோடு அமையாது, இரவில் அச்சமின்றி உறங்குவதற்கும் வழி செய்தல் வேண்டும்.