மலையிலிருந்து மணற்றீவுக்கு

பசறையிலும் நமுனுகுலையிலும் அப்புத்தளையிலும் பிறந்து வளர்ந்தோர்க்கு நிலம் என்றால் சரிவு. நடை என்றால் ஏற்றமும் இறக்கமும். அத்தகையோர் ஒருமுறையேனும் கண்டு வரத்தக்க இடம் மன்னார்த் தீவு. அங்கே மலையில்லை, அருவியில்லை. மணலும் பனையும் உடைமரமும் கடலுமே கண்ணுக்கெட்டிய தூரம் வரை உண்டு.

இப்பயணத்துக்கு முதலில் வகுத்துக்கொள்ள வேண்டியது காலம். ஆடி, ஆவணியில் மலையைக் கடந்து வறண்டு வீசி ஊவாத் தேயிலைக்குத் தனி நறுமணம் ஊட்டும் தென்மேற்குக் காற்றே, மன்னாரில் மணலை வாரி இறைக்கின்றது. ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ் மழைக்காலம். ஆகையால் தை, மாசி மாதங்களே பெரிதும் ஏற்றவை. வடதிசைக் குளிருக்கு அஞ்சி வந்த பறவைகளையும், கூட்டங்கூட்டமாக நிற்கும் பூநாரைகளையும் அப்போது காணலாம்.

அடுத்தது வழி. பதுளையில் முடிவடையும் மலைநாட்டுப் புகையிரதப் பாதையும், தலைமன்னாரில் முடிவடையும் பாதையும் ஒரே வலையின் இரு முனைகளாகும். பொல்காவலையில் வடக்குப் பாதைக்கு மாறி, அநுராதபுரம் கடந்து, மதவாச்சியில் மேற்கே திரும்ப வேண்டும். போரினால் 1990இல் நின்றுபோன தலைமன்னார்ச் சேவை, 2015இல் மீண்டும் தொடங்கியது. 2025 நவம்பர்ப் புயல் மலைநாட்டுப் பாதைகளைப் பெரிதும் சிதைத்தமையால், புகையிரதமாயினும் பேருந்தாயினும், புறப்படுமுன் விசாரித்தறிதல் அவசியம். போக்குக்கும் வரவுக்கும் ஒவ்வொரு நாள் ஒதுக்கி, தீவில் இரண்டு நாளேனும் தங்குவது நன்று.

பெருநிலத்தைத் தீவுடன் இணைக்கும் தாம்போதியை அடுத்து வங்காலைப் பறவைச் சரணாலயம் உள்ளது. 2010இல் இது ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பட்டது. விடியற்காலையே இங்கு செல்லத் தகுந்த பொழுது. நகரில் போர்த்துக்கேயர் 1560இல் அமைத்த கோட்டையும், பள்ளிமுனையில் ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பெருக்கமரமும் உள்ளன. தெருக்களில் கழுதைகள் தம் விருப்பப்படி உலாவுவது மலைநாட்டுச் சிறுவர்க்குப் பெருவிருந்தாகும்.

தலைமன்னாருக்கு அப்பால் தனுஷ்கோடியை நோக்கி நீள்பவை இராமர் அணை எனப்படும் மணற்றீடைகள். அலையும் காற்றும் அவற்றின் உருவை மாற்றிக்கொண்டேயிருக்கும். இலங்கைப் பகுதித் தீடைகள் 2015இல் கடல்சார் தேசிய பூங்காவாக்கப்பட்டன. வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியின்றி அங்கு படகேறலாகாது. ஆலாக்கள் கூடு கட்டாமல் வெறுமணலிலேயே முட்டையிடுவன. கவனமற்ற ஓரடி ஒரு குஞ்சின் உயிரைப் பறித்துவிடும்.

தீவின் நன்னீரும் மணலின் கொடையே. மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின்மேல் ஒரு படலமாக நிற்கின்றது. அளவு மீறி இறைத்தால் கிணறு உவர்த்துவிடும். ஆகவே குடிநீரைக் கையோடு கொண்டு செல்வதும், கிணற்று நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துவதும் விருந்தினரின் கடமை. அகன்ற தொப்பியும் மெல்லிய பருத்தி ஆடையும் வேண்டும். கொண்டுசென்ற குப்பையைத் திரும்பவும் கொண்டுவரப் பையொன்றும் வேண்டும்.

மலையகத் தமிழர்க்கு இம்மணல் வேறொரு வகையிலும் உரியது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தோட்டங்களை நாடி வந்தவர் பலர், மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்தனர். வாந்திபேதிக்கும் பசிக்கும் இரையாகி வழியிலே மடிந்தோர் மிகப் பலர். 1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கிய பின், இறங்குதுறையே வாயிலாயிற்று. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதே ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியா அனுப்பப்பட்டோர், பின்னர் இதே துறையிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பலேறினர். தாயும் மகளும், அண்ணனும் தம்பியும் பிரிந்த குடும்பங்கள் ஊவாத் தோட்டங்களிலும் உண்டு.

ஆகையால் தலைமன்னாருக்குப் புறப்படுமுன் லயத்திலுள்ள முதியோரை அணுகி, குடும்பத்தார் எந்த ஊரிலிருந்து, எவ்வழியே வந்தனர், யார் யார் திரும்பிச் சென்றனர் எனக் கேட்டுக் குறித்துக்கொள்வதும் பயண ஆயத்தத்தின் ஒரு பகுதியே. அக்குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு துறையில் நிற்பவர்க்கு அம்மணல் வெறும் மணலாகத் தோன்றாது.