ஆலை வாசலோடு நின்றுவிடும் தடம்: பாமாயில் சான்றிதழ்கள் எதைச் சொல்கின்றன, எதை மறைக்கின்றன?

தமிழ்நாட்டின் நியாயவிலைக் கடைகளில் குடும்ப அட்டை ஒன்றுக்கு ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்குக் கிடைக்கிறது. சேரிகளிலும் காலனிகளிலும் வாழும் பெரும்பாலான குடும்பங்களுக்குத் தாளிப்பிலிருந்து தீபாவளிப் பலகாரம் வரை அதுதான் எண்ணெய். அந்த உறையின்மேல் எண்ணெயை நிரப்பி விற்ற நிறுவனத்தின் பெயர் இருக்கும். பழக்குலை எந்த ஆலையில் பிழியப்பட்டது, அதை மரத்திலிருந்து வெட்டியவர் யார், அவருக்கு என்ன கூலி கிடைத்தது என்ற செய்தி எதுவும் இருக்காது. உலகிலேயே மிக அதிகமாகப் பாமாயில் இறக்குமதி செய்யும் நாடு இந்தியா. உலக உற்பத்தியில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் நடக்கிறது. ஆகவே, இந்தக் கேள்விகள் நம் அடுப்படியிலிருந்து எழும் கேள்விகளே.

சோப்பு, பிஸ்கட், ஷாம்பு தயாரிக்கும் பன்னாட்டு நிறுவனங்கள் இக்கேள்விகளுக்கு ஒரு விடை வைத்திருக்கின்றன. தாங்கள் வாங்கும் எண்ணெயில் தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல் 'ஆலை வரை தடம் காணப்பட்டது' என்றும், அதில் இவ்வளவு 'சான்றளிக்கப்பட்ட ஆலைகளிலிருந்து' வந்தது என்றும் ஆண்டறிக்கைகளில் அச்சிடுகின்றன. இவ்விரண்டு சொற்றொடர்களும் உண்மையில் எதைக் குறிக்கின்றன என்பதை விளங்கிக்கொள்ளாமல் அந்நிறுவனங்களோடு வாதிட முடியாது.

ஏன் தோட்டம் வரை செல்லாமல் ஆலை வரை மட்டும்? காரணம் செம்பனைப் பழத்தின் இயல்பிலேயே இருக்கிறது. குலையை வெட்டியவுடன் பழத்துக்குள் கொழுப்பு சிதையத் தொடங்கி அமிலம் ஏறுகிறது. ஏறத்தாழ ஒரு நாளுக்குள் ஆலையில் ஆவியில் வேகவைத்தாக வேண்டும். தாமதமானால் எண்ணெயின் தரம் கெட்டு விலை இறங்கும். எனவே பழம் நெடுந்தொலைவு பயணிக்க முடியாது. ஆலையின் இடம் தெரிந்தால், அதற்குப் பழம் தரும் தோட்டங்கள் எந்த வட்டாரத்தில் இருக்கும் என்பதை ஓரளவு கணித்துவிடலாம். ஆனால் ஆலையைத் தாண்டிய பிறகு எண்ணெய்க்கு ஊரும் இல்லை, பெயரும் இல்லை. டேங்கர் லாரிகளில் ஏறித் துறைமுகத் தொட்டிகளில் பல ஆலைகளின் எண்ணெயோடு கலக்கிறது. பிறகு கப்பலில், சுத்திகரிப்பாலையில், பிரித்தெடுக்கும் கூடத்தில் மீண்டும் மீண்டும் கலக்கிறது. பழத்தின் கொட்டையிலிருந்து எடுக்கும் பருப்பெண்ணெயின் தடம் இதைவிடச் சிக்கலானது. பல ஆலைகளின் கொட்டைப் பருப்பை ஒரே பிழிவுக்கூடம் வாங்கி அரைக்கிறது. சோப்பிலும் ஷாம்புவிலும் நுரை தரும் பொருள்கள் பல இந்தப் பருப்பெண்ணெயிலிருந்தே வருகின்றன.

ஆலையைக் கண்டறிவதே ஒரு காலத்தில் பெரும்பாடாக இருந்தது. ஒரே ஆலையை ஒவ்வொரு வணிகரும் ஒவ்வொரு பெயரில் குறித்தனர். 2018இல் சில ஆய்வு, சூழலியல் அமைப்புகள் சேர்ந்து உலக ஆலைப் பட்டியலை வெளியிட்டன. ஒவ்வோர் ஆலைக்கும் தனி எண், தாய் நிறுவனத்தின் பெயர், அட்சரேகை, தீர்க்கரேகை ஆகியவை அதில் கிடைக்கின்றன. அதே ஆண்டில் யூனிலீவர் தனக்கு எண்ணெய் வரும் 1,400க்கும் மேற்பட்ட ஆலைகளின் பெயர்களை வெளியிட்டது. பிறகு மற்ற நிறுவனங்களும் வெளியிட்டன. இது சிறிய முன்னேற்றம் அல்ல. அதுவரை 'எங்களுக்குத் தெரியாது' என்று கைவிரித்த நிறுவனங்களிடம், 'உங்கள் பட்டியலில் உள்ள இந்த ஆலையைச் சுற்றிக் காடு அழிகிறதே' என்று செயற்கைக்கோள் படத்தைக் காட்டிக் கேட்க முடிந்தது.

ஆனால் அந்த விழுக்காடு எப்படி வருகிறது என்று பாருங்கள். வாங்கிய மொத்த எண்ணெயில், எந்த ஆலைகளிலிருந்து வந்திருக்கக்கூடும் என்று விற்றவர் பட்டியல் கொடுத்த பங்கு எவ்வளவோ, அதுவே 'தடம் காணப்பட்ட' பங்கு. ஒரு சுத்திகரிப்பாலை தனக்கு எண்ணெய் அனுப்பும் ஆலைகள் முந்நூறின் பெயர்களையும் நீட்டினால், அங்கிருந்து வாங்கிய எண்ணெய் முழுவதும் தடம் காணப்பட்டதாகிவிடும். குறிப்பிட்ட ஒரு புட்டியிலுள்ள எண்ணெய் அந்த முந்நூறில் எதிலிருந்து வந்தது என்பது யாருக்கும் தெரியாது. மேலும், தடம் தெரிவது வேறு. அத்தடம் நேர்மையானது என்பது வேறு. அறிக்கைகள் இவ்விரண்டையும் அடுத்தடுத்த வரிகளில் வைத்து ஒன்றுபோல் தோன்றச் செய்கின்றன.

சான்றிதழின் நான்கு வகைகள்

சான்றளிக்கும் அமைப்புகளுள் பெரியது, 2004இல் நிறுவப்பட்ட 'நிலைத்த பாமாயிலுக்கான வட்டமேசை'. ஆங்கில எழுத்துகளால் ஆர்.எஸ்.பி.ஓ. என்று அழைக்கப்படும் இதில் தோட்ட முதலாளிகள், வணிகர்கள், வங்கிகள், தன்னார்வ நிறுவனங்கள் எல்லாம் உறுப்பினர்கள். உலக உற்பத்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இதன் சான்றிதழ் பெற்றது. இந்தோனேசிய, மலேசிய அரசுகளுக்குத் தனித்தனிச் சான்றிதழ்களும் உண்டு.

ஆர்.எஸ்.பி.ஓ. எண்ணெயை நான்கு வழிகளில் விற்க அனுமதிக்கிறது. முதலாவதில், ஒரே சான்றளிக்கப்பட்ட ஆலையின் எண்ணெய் வேறெதனோடும் கலக்காமல் வாங்குவோர் கைக்கு வருகிறது. இரண்டாவதில், சான்றளிக்கப்பட்ட பல ஆலைகளின் எண்ணெய் தம்முள் மட்டும் கலக்கலாம். மூன்றாவது, எடைக்கணக்கு முறை. இதைத்தான் நாம் நன்கு புரிந்துகொள்ள வேண்டும். ஒரு தொட்டியில் சான்றளிக்கப்பட்ட எண்ணெய் 100 டன்னும் சான்றில்லாத எண்ணெய் 900 டன்னும் ஊற்றப்படுகின்றன. கலந்த எண்ணெயிலிருந்து எந்த 100 டன்னை வேண்டுமானாலும் எடுத்து, சான்றளிக்கப்பட்ட எடைக்கணக்கு எண்ணெய் என விற்கலாம். ஏட்டுக் கணக்கு நேராக இருக்கும். வாங்கியவரின் பீப்பாயில் இருப்பதில் பத்தில் ஒன்பது பங்கு எங்கிருந்தோ வந்ததாக இருக்கும். நான்காவது, வரவுச்சீட்டு முறை. இதில் எண்ணெயே கைமாறுவதில்லை. எங்கோ ஓர் ஆலை சான்றளிக்கப்பட்ட ஒரு டன் விளைவித்ததற்கான சீட்டை விலைகொடுத்து வாங்கினால், வழக்கமான எண்ணெயைப் பயன்படுத்திக்கொண்டே சான்றளிப்புக்குத் துணைநிற்பதாக அறிவித்துக்கொள்ளலாம்.

கடைசி இரண்டு வழிகளையும் மோசடி என்று ஒதுக்கிவிட முடியாது. தனித் தொட்டியும் தனிக் கப்பலும் வைக்க வசதியில்லாத இடங்களில், நல்ல விளைவுக்குக் கூடுதல் விலை போய்ச்சேர அவை உதவுகின்றன. சிறு விவசாயிகள் வரவுச்சீட்டை விற்றுப் பயன்பெறுகிறார்கள். சிக்கல், எல்லா வகைகளையும் ஒரே முத்திரையின் கீழ்ப் பேசும் விளம்பர மொழியில் இருக்கிறது.

'சான்றளிக்கப்பட்ட ஆலை' என்ற சொல்லிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சான்றிதழ், ஆலைக்கும் அதற்குப் பழம் தரும் குறிப்பிட்ட தோட்டங்களுக்கும் சேர்த்தே வழங்கப்படுகிறது. அதே ஆலை வெளியாரிடமிருந்து சான்றில்லாத பழத்தை வாங்கத் தடையில்லை; வாங்கினால் அதன் எண்ணெய் எடைக்கணக்கு வகைக்கு இறங்கும், அவ்வளவுதான். இந்தோனேசியாவில் செம்பனைப் பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு சிறு விவசாயிகளுடையது. அவர்களில் பலர் ஆலைக்கு நேரடியாகப் பழம் கொடுப்பதில்லை. ஆலையிடம் கொள்முதல் ஆணை வைத்திருக்கும் தரகர் லாரி லாரியாகப் பழத்தைச் சேர்த்துக் கொண்டுவருகிறார். எடைமேடைச் சீட்டில் பதிவாவது லாரியின் எண்ணும் தரகரின் பெயரும்தான். அந்தச் சீட்டோடு தடம் அறுந்துபோகிறது.

வாசலுக்கு அப்பால்

அறுந்த இடத்துக்கு அப்பால்தான் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். தடமே அறுபடாத, சான்றிதழ் பெற்ற தோட்டங்களில் மட்டும் அவர்கள் நிலை மேலானதா? ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் 2016 நவம்பரில் வெளியிட்ட அறிக்கை, இந்தோனேசியாவில் வில்மர் நிறுவனத்தின் தோட்டங்களையும் அதற்கு எண்ணெய் தரும் பிற நிறுவனங்களின் தோட்டங்களையும் ஆராய்ந்தது. 8 வயது முதல் 14 வயதுவரையிலான சிறார்கள் பெற்றோருக்கு உதவியாக மூட்டை சுமந்ததையும் உதிரிப்பழம் பொறுக்கியதையும் அது பதிவுசெய்தது. எட்ட முடியாத இலக்கு வைத்துக் கூலி பிடிக்கப்பட்டதையும், பெண்கள் ஆண்டுக்கணக்காக நாள்கூலிகளாகவே வைக்கப்பட்டதையும் அது விவரித்தது. ஆராயப்பட்ட ஐந்து தோட்ட நிறுவனங்களில் மூன்று ஆர்.எஸ்.பி.ஓ. சான்றிதழ் வைத்திருந்தன. ஓர் ஆணின் இலக்கை எட்ட மனைவியும் பிள்ளைகளும் ஊதியமின்றி உழைப்பது என்பது, செங்கல் சூளைகளை அறிந்த நமக்கு விளக்கித் தெரிய வேண்டிய செய்தி அல்ல.

மலேசியாவின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. அந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் நடப்பட்டது, பெயரே தமிழ். அதை நிறுவிய பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோகொன்னியே, பின்னாளில் மலாயா வாழ்வைப் பற்றிய நாவலுக்காகப் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றார். காட்டை அழித்து ரப்பரும் செம்பனையும் நட்ட தமிழர்கள் கங்காணிகளால் திரட்டப்பட்டுக் கப்பலேறியவர்கள். நிலமற்ற பறையர், பள்ளர் உள்ளிட்ட சாதியினர் அவர்களில் கணிசமானோர். 1960களுக்குப் பின் ரப்பர்க் காடுகள் செம்பனைக் காடுகளாக மாறின. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீட்டுமனைகளான காலத்தில் லயங்களிலிருந்து அவர்கள் வெளியேற்றப்பட்டனர். அவர்களின் இடத்துக்கு இந்தோனேசியா, வங்காளதேசம், நேபாளம், இந்தியா ஆகிய நாடுகளிலிருந்து புதிய ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்தார்கள்.

எஞ்சிய தமிழ்ப் பெண்களுக்குக் கிடைத்த வேலைகளில் முக்கியமானது களைக்கொல்லி தெளிப்பது. பாராகுவாட் என்னும் நச்சு மருந்தை முதுகில் சுமந்து தெளித்த பெண்களின் மூக்கில் இரத்தம் வடிந்ததையும் நகங்கள் கெட்டதையும், ஐரீன் பெர்னாண்டஸ் நிறுவிய தெனாகனித்தா அமைப்பு 2002இல் ஓர் ஆய்வறிக்கையாக வெளிக்கொணர்ந்தது. அதே ஆண்டு மலேசியா அம்மருந்தைத் தடைசெய்தது. 2006இல் தடையை விலக்கிக்கொண்டது. 2020 ஜனவரியில்தான் மீண்டும் முழுத் தடை வந்தது. ஆர்.எஸ்.பி.ஓ. தன் விதிகளில் விதிவிலக்கான சூழல் தவிர அதைப் பயன்படுத்தக் கூடாது என்று எழுதியது 2018இல். அதாவது, சான்றிதழ் முறை தோன்றிய பின்னும் பல ஆண்டுகள், சான்றளிக்கப்பட்ட ஆலைக்குப் பழம் தந்த மரத்தடியில் பாராகுவாட் தெளிப்பது முற்றாக விலக்கப்பட்டதாக இருக்கவில்லை.

2020 செப்டம்பர் 30 அன்று அமெரிக்கச் சுங்கத்துறை, மலேசியாவின் எஃப்.ஜி.வி. நிறுவனத்தின் பாமாயிலைத் துறைமுகங்களில் தடுத்து நிறுத்த ஆணையிட்டது. கடவுச்சீட்டைப் பறித்துவைத்தல், கூலியை நிறுத்திவைத்தல், கடன் பிணை, உடல்ரீதியான, பாலியல்ரீதியான வன்முறை எனக் கட்டாய உழைப்பின் அடையாளங்கள் பலவற்றை அது பட்டியலிட்டது. அவ்வாண்டு டிசம்பர் 30 அன்று சைம் டார்பி பிளாண்டேஷன் மீதும் அத்தகைய ஆணை வந்தது. சைம் டார்பி அப்போது உலகிலேயே மிக அதிகமாகச் சான்றளிக்கப்பட்ட பாமாயில் தயாரித்த நிறுவனம். அதன் ஆலைகளின் தடம் தெளிவாகவே இருந்தது. தடைக்குப் பின் அந்நிறுவனம், வேலைக்கு வர முகவர்களிடம் கட்டணம் கட்டிக் கடனாளியான வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குத் திருப்பித் தர 8 கோடி ரிங்கிட்டுக்கும் மேல் ஒதுக்கியது. 2023 பிப்ரவரியில் தடை நீங்கியது. தொழிலாளியின் பணம் அவர் கைக்குத் திரும்பக் காரணமானது சான்றிதழ் அன்று. சந்தை மூடிவிடும் என்ற அச்சமே.

தணிக்கையாளருக்குக் கட்டணம் செலுத்துபவர் தணிக்கை செய்யப்படும் நிறுவனமே. வருகை முன்கூட்டியே தெரியும்; பேச வேண்டிய தொழிலாளி நிறுவனத்தின் லயத்தில் குடியிருப்பவர். 2015இல் இஐஏ, கிராஸ்ரூட்ஸ் என்ற இரு அமைப்புகள் வெளியிட்ட ஆய்வு, தணிக்கையாளர்கள் மீறல்களைக் கவனிக்கத் தவறியதையும், சில இடங்களில் நிறுவனங்களோடு சேர்ந்து அவற்றை மறைத்ததையும் எடுத்துக்காட்டியது. சுமங்கலித் திட்ட நூற்பாலைகளில் தலித் சிறுமிகள் விடுதிகளுக்குள் அடைக்கப்பட்டிருந்த காலத்திலும், அந்த நூலால் நெய்த ஆடைகளை விற்ற ஐரோப்பிய நிறுவனங்களிடம் தணிக்கைச் சான்றுகள் இருந்தன என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். அங்கும் தணிக்கை தையற்கூடத்தோடு நின்றது. நூற்பாலையின் விடுதிக் கதவு வரை போகவில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய காடழிப்புத் தடுப்புச் சட்டம் ஆலையைத் தாண்டி, பழம் விளைந்த நிலத்தின் புவியிட ஆயங்களையே கேட்கிறது. உற்பத்தி நாட்டின் தொழிலாளர் உரிமைச் சட்டங்கள் பின்பற்றப்பட்டிருக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. அதன் நடைமுறைத் தேதி ஏற்கெனவே தள்ளிப்போடப்பட்டுள்ளது. இதிலும் ஓர் ஆபத்து உண்டு: பட்டா இல்லாத, வரைபடம் வரைய வசதியற்ற சிறு விவசாயியை விட்டுவிட்டுப் பெருந்தோட்டங்களிடம் மட்டும் வாங்குவதே நிறுவனங்களுக்கு எளிது.

இந்தியாவும் 2021இல் 11,040 கோடி ரூபாய் மதிப்பில் செம்பனை இயக்கத்தைத் தொடங்கியிருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், ஆலை வரை தடம் காண்பது இங்கே மிக எளிது. ஆந்திரத்தின் 1993ஆம் ஆண்டுச் செம்பனைச் சட்டப்படி ஒவ்வோர் ஆலைக்கும் ஒரு பகுதி ஒதுக்கப்படுகிறது. அப்பகுதி விவசாயியின் குலை அந்த ஆலைக்கே போகும். விவசாயியும் ஆலையும் ஏட்டில் இருக்கிறார்கள். நீண்ட கழியில் அரிவாள் கட்டிக் குலையை இறக்கும் நிலமற்ற கூலியாள் அச்சட்டத்தில் ஒரு தரப்பே அல்லர்.

இதை ஆராய விரும்பும் மாணவர்கள் ஒரு நிறுவனத்தின் ஆலைப் பட்டியலிலிருந்து தொடங்கலாம். ஆலையின் எண்ணை உலக ஆலைப் பட்டியலில் தேடி இடத்தைக் கண்டறியுங்கள். ஆர்.எஸ்.பி.ஓ. தளத்தில் அதன் சான்றிதழ் எந்த வகை, எப்போது முடிகிறது, எந்தத் தோட்டங்கள் அதற்குள் வருகின்றன என்று பாருங்கள். தணிக்கை அறிக்கையின் பொதுச்சுருக்கம் அங்கேயே கிடைக்கும். எத்தனை தொழிலாளர்களிடம் பேசினார்கள், அவர்களில் பெண்கள் எத்தனை பேர், ஒப்பந்தக் கூலிகள் எத்தனை பேர், யார் முன்னிலையில் பேசினார்கள் என்று அதில் தேடுங்கள். இவ்விவரங்கள் இல்லாமலிருப்பதும் பதிவுசெய்யத்தக்க ஒரு கண்டுபிடிப்புதான். அந்த ஆலையின் மீதோ அதன் தாய் நிறுவனத்தின் மீதோ புகார் நிலுவையில் உள்ளதா என்பதையும் அதே தளத்தின் புகார்ப் பட்டியலில் காணலாம்.

நியாயவிலைக் கடை எண்ணெய்க்கு அப்படிப்பட்ட பட்டியல் இல்லை. அதை ஒப்பந்தப்புள்ளி மூலம் வாங்குவது தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அதன் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பும் மனுவில் மூன்று கேள்விகள் போதும்: கடைசி ஒப்பந்தப்புள்ளியின் நிபந்தனைகளில் எண்ணெயின் மூல ஆலையைத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி உள்ளதா? தொழிலாளர் உரிமை தொடர்பான நிபந்தனை ஏதேனும் உள்ளதா? எண்ணெய் வழங்கிய நிறுவனங்கள் சமர்ப்பித்த மூலநாட்டு ஆவணங்களின் நகல் கிடைக்குமா? மனுக் கட்டணம் பத்து ரூபாய். பதில் தர முப்பது நாள் கெடு.