வெயிட் மெஷின் ஓகே சொல்லுது, தொப்பை ஓகே இல்ல

எங்க அப்பாவுக்கு ஸ்டென்ட் வெச்சிருக்கு. ஆலங்குடியிலேர்ந்து மூணு மாசத்துக்கு ஒருதடவை திருச்சியில செக்கப். உயரம் 167 சென்டிமீட்டர், எடை 68 கிலோ, பிஎம்ஐ 24.4. "வெயிட் ஓகே, உப்பைக் குறைங்க." அடுத்த பேஷன்ட்.

சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு இது தெரிஞ்ச கதைதான். தப்பான விஷயத்தை அளந்தா டாஷ்போர்டு பச்சையாவே இருக்கும், சர்வர் மட்டும் படுத்துடும்.

25 வரைக்கும் நார்மல்ங்கிறது உலகப் பொதுக் கணக்கு. இந்தியர்களுக்கு 2009-ல நம்ம மருத்துவ நிபுணர்கள் போட்ட கோடு வேற: 23-லயே அதிக எடை, 25-லயே உடல் பருமன். அதோட நம்ம ஆளுங்களுக்குக் கை கால் ஒல்லியா இருக்கும், வயிறு மட்டும் முன்னாடி நிக்கும். கல்லீரல், குடலைச் சுத்தி சேர்ற அந்தக் கொழுப்புதான் சர்க்கரை, பிரஷர் ரெண்டையும் ஏத்தி விடுது. 52 நாடுகள்ல நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வும், மாரடைப்பு ஆபத்தைச் சொல்றதுல பிஎம்ஐயை விட வயிறு-இடுப்புச் சுற்றளவு விகிதம்தான் மேல்னு காட்டுச்சு.

அதனால இதய டாக்டர் மேஜையில ஒரு இஞ்ச் டேப் இருக்கணும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல, மூச்சை விட்டதும் அளக்கணும். வேட்டி கட்டுற இடத்துல அளக்காதீங்க, அது தொப்பைக்குக் கீழ இறங்கி பல வருஷமாச்சு! ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர்தான் எல்லை. அப்பாவுக்கு 98.

நான் சொன்னா வீட்ல சண்டை. நெஞ்சு வலிக்கு வைத்தியம் பார்த்தவர் சொன்னா அப்பா கேட்பார். ஆனா "எடையைக் குறைங்க"ன்னு உத்தரவு போட்டா வேலைக்கு ஆகாது. "எடையைப் பத்திப் பேசலாமா? ராத்திரி என்ன சாப்பிடுறீங்க?"ன்னு ஆரம்பிக்கணும். 5 சதவீதம் குறைஞ்சாலே பிரஷரும் சர்க்கரையும் இறங்க ஆரம்பிக்கும். அப்பாவுக்கு அது மூணரை கிலோதான். மருந்துச் சீட்டையும் ஒருதடவை பார்க்கணும். அட்டெனோலால் மாதிரி சில பீட்டா பிளாக்கர் எடையைக் கொஞ்சம் ஏத்தும். மாத்தலாமான்னு டாக்டர்தான் முடிவு பண்ணணும், நாமளா நிறுத்தவே கூடாது.

செமாக்ளுடைட் ஊசி பத்தி நிறைய பேர் கேட்டிருந்தீங்க. 2023-ல வந்த செலக்ட் ஆய்வுல, சர்க்கரை நோய் இல்லாத 17,604 இதய நோயாளிகள். மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் சேர்த்து 20 சதவீதம் குறைஞ்சது. பெரிய விஷயம்தான். ஆனா சேர்த்தது பிஎம்ஐ 27-ம் அதுக்கு மேலயும் உள்ளவங்களை. அப்பா அந்த லிஸ்ட்லயே வரமாட்டார்.

2021-லேர்ந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் வீடு தேடி வந்து பிரஷர், சர்க்கரை பார்த்து மாத்திரை தர்றாங்க. அந்தப் பையில ஒரு டேப்பையும் போட்டு, டாக்டர் சீட்டுல '98'னு எழுதிக் கொடுத்துட்டா, அடுத்த அளவுக்குத் திருச்சி பஸ் ஏற வேண்டாம்.