சுறாப் புட்டும் பாதரசமும்

பிள்ளை பெற்ற மகளுக்குச் சுறாப் புட்டு கொடுக்கலாமா, கூடாதா? சிங்கப்பூரின் தேக்கா ஈரச்சந்தையை ஒட்டிய உணவங்காடியில் இஞ்சி டீயை ஆற்றிக்கொண்டே ஓர் அக்கா என்னிடம் கேட்டார். மருமகன் எதையோ படித்துவிட்டு வேண்டாம் என்கிறாராம். "எனக்கு எங்க அம்மா நாப்பது நாளும் செஞ்சு போட்டாங்க. பால் நல்லா ஊறுச்சு. இப்ப மட்டும் எப்படிக்கா கெடுதல்?" நியாயமான கேள்வி. ஆனாலும் மருமகன் சொல்வதுதான் சரி. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

காரணம் பாதரசம். சுறாவின் உடம்பில் அது தானாக ஊறுவதில்லை. அதில் பெரும்பங்கு நாம் கரையில் செய்கிற வேலைகளிலிருந்து போய்ச் சேர்வது. நிலக்கரிக்குள் பாதரசம் கொஞ்சம் இருக்கிறது. எரித்தால் ஆவியாகிப் புகைபோக்கி வழியே மேலே போகும். மாதக்கணக்கில் காற்றில் அலைந்து, எங்கோ ஒரு கடலில் மழையோடு இறங்கும். அங்கே ஆக்சிஜன் குறைந்த நீரிலும் சேற்றிலும் வாழும் நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. ஆபத்தானது இந்த வடிவம்தான். உடலுக்குள் எளிதாக நுழையும், லேசில் வெளியேறாது.

நீரில் இது இருக்கும் அளவு மிகமிகச் சொற்பம். மிதவை உயிரிகள் உறிஞ்சும், அவற்றைப் பொடிமீன் தின்னும், பொடிமீனைக் கானாங்கெளுத்தி, அதைச் சுறா. ஊரார் போட்ட சீட்டுப் பணமெல்லாம் கடைசியில் ஒருவர் கையில் சேர்வதுபோல, கீழே இருப்பவை சேர்த்ததெல்லாம் மேலே இருப்பதன் சதையில் தங்கிவிடுகிறது. பெரிய வேட்டை மீனின் சதையில், அது நீந்தும் நீரில் உள்ளதைவிடப் பத்து லட்சம் மடங்குக்கும் மேல் இருக்கலாம். சுறா பல ஆண்டுகள் வாழும். வயது ஏற ஏறச் சேர்மானமும் ஏறும்.

"நல்லா அலசி, மஞ்சள் போட்டு வேகவெச்சாப் போயிடாதா?" என்றார் அக்கா. புட்டு செய்யும் விதத்தை நினைத்துப் பாருங்கள். துண்டுகளை மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்து, மணல்போல் சொரசொரக்கும் தோலை உரித்து, முள் எடுத்து, உதிர்த்து, தண்ணீரை ஒட்டப் பிழிகிறோம். அதன் பிறகுதான் சின்ன வெங்காயமும் பூண்டும் பச்சை மிளகாயும் சேர்த்து வதக்குவது. மெத்தில் பாதரசம் கொழுப்பிலோ தோலிலோ ஒட்டிக்கொண்டிருந்தால் இதில் கொஞ்சமாவது கழன்றிருக்கும். அது சதையின் புரதத்தோடு பிணைந்திருக்கிறது. பிழியும்போது நீர் போகிறது, பாதரசம் தங்குகிறது. ஒரு கரண்டிப் புட்டில், அதே எடை பச்சை மீனில் இருப்பதைவிட அதிகமாகவே இருக்கும்.

யாருக்கு இது கெடுதல் என்பதை மினமாட்டா காட்டிவிட்டது. ஜப்பானின் அந்தக் கடலோர ஊரில் சிஸ்ஸோ நிறுவனத்தின் ரசாயன ஆலை 1932 முதல் 1968 வரை பாதரசக் கழிவை விரிகுடாவில் விட்டது. மீன் தின்ற பூனைகள் வெட்டி வெட்டி இழுத்துச் செத்தன. பிறகு மனிதர்களுக்குக் கை நடுங்கியது, பேச்சு குழறியது, பார்வை சுருங்கியது. 1956 மே மாதம் நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. என்னை அதிகம் உலுக்குவது அங்கே பிறந்த குழந்தைகளின் கதை. தாய்க்குப் பெரிதாக ஒரு குறையும் தெரியவில்லை. பிள்ளையோ கழுத்து நிற்காமல், பேச்சில்லாமல் வளர்ந்தது. நஞ்சுக்கொடி இந்த நஞ்சைத் தடுக்காது என்று மருத்துவ உலகம் கற்றது அப்படித்தான்.

தேக்காவில் வாங்கும் மீன் மினமாட்டா மீன் அல்ல. இதை அழுத்திச் சொல்கிறேன், பயந்து மீனையே விட்டுவிடக் கூடாது. சிங்கப்பூரில் வேட்டை மீன்களில் கிலோவுக்கு 1 மில்லிகிராம், மற்ற மீன்களில் அரை மில்லிகிராம் என்று பாதரசத்துக்கு வரம்பு உண்டு. சிங்கப்பூர் உணவு அமைப்பு மீன்களைச் சோதிக்கிறது. ஆனால் வேட்டை மீனுக்கு வரம்பே இரு மடங்கு என்பதைக் கவனியுங்கள். எப்போதாவது சாப்பிடும் பெரியவருக்கு அது பெரிய விஷயமில்லை. கர்ப்பிணிக்கும் சின்னக் குழந்தைக்கும் பால் கொடுப்பவருக்கும் சுறா வேண்டாம். தாய்ப்பால் வழியே போவது கருவில் போவதைவிடக் குறைவுதான், என்றாலும் நாற்பது நாளும் சுறா என்பது அதிகம். உடலில் சேர்ந்ததில் பாதி வெளியேறவே இரண்டு மாதம்போல ஆகிறது; அதனால் பிள்ளைக்குத் திட்டமிடும்போதே குறைத்துக்கொள்வது நல்லது.

புரதத்துக்கு நெத்திலி, மத்தி, கானாங்கெளுத்தி, வாவல் எல்லாம் இருக்கின்றன. வளர்ப்புக் கொடுவாவில் அதே பூண்டும் வெங்காயமும் போட்டுப் புட்டு செய்தால் அருமையாக உதிரும். பெரிய வஞ்சிரமும் வேட்டை மீன்தான், அளவோடு வாங்குங்கள்.

ஆனால் எந்த மீனை வாங்குவது என்பதோடு பேச்சு முடிந்துவிடக் கூடாது. 2015-இல் மட்டும் மனித வேலைகளால் ஏறக்குறைய 2,220 டன் பாதரசம் காற்றில் கலந்ததாக ஐநா மதிப்பீடு சொல்கிறது. அதில் நிலக்கரியின் பங்கு சுமார் 21 விழுக்காடு. அதைவிடப் பெரிய பங்கு, 38 விழுக்காடு, சிறு தங்கச் சுரங்கங்களுடையது. நம் பக்கத்திலேயே, இந்தோனேசியாவின் கலிமந்தானிலும் சுலவேசியிலும் தாதைப் பொடித்துப் பாதரசத்தோடு பிசைகிறார்கள். தங்கத்தைப் பற்றிக்கொண்ட அந்த உருண்டையைத் தீயில் காய்ச்சினால் பாதரசம் ஆவியாகிப் போய்விடும், தங்கம் நிற்கும். காய்ச்சுகிறவர் அந்த ஆவியை முதலில் சுவாசிக்கிறார். மீதி கடலுக்கு. சிராங்கூன் சாலையின் ஒரு பக்கம் நகைக்கடைகள், மறுபக்கம் மீன் சந்தை. தங்கத்துக்கும் மீனுக்கும் இப்படி ஓர் உறவு இருப்பதை அங்கே நடப்பவர்களில் பலர் அறிய மாட்டார்கள்.

தொழிற்புரட்சிக்கு முன்பு இருந்ததைவிடக் கடலின் மேல்நீரில் பாதரசம் மும்மடங்காகியிருக்கிறது. சூரை மீன்களை 1971 முதல் 2022 வரை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று, காற்றில் கலக்கும் அளவு குறைந்த பிறகும் மீனில் அளவு ஏறக்குறைய அப்படியே இருப்பதாகக் காட்டியது. ஆழ்கடலில் தங்கிய பழைய பாதரசம் மெல்ல மேலே கலந்துகொண்டே இருக்கிறது.

மினமாட்டாவின் பெயரிலேயே 2013-இல் உருவான உலக உடன்படிக்கை 2017 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது; சிங்கப்பூரும் இந்தோனேசியாவும் அதே ஆண்டு ஏற்புறுதி அளித்தன. சுறாவுக்குப் பதில் கொடுவா வாங்குவது ஒரு வீட்டைக் காக்கும், கடலைக் காக்காது. நிலக்கரி உலைகளும் பாதரசம் பிசையும் சுரங்கங்களும் குறைந்தால்தான் கடல் தேறத் தொடங்கும். அதுவும் உடனே அல்ல, பல பத்தாண்டுகளில்.