பரங்கி விதை: தண்ணீரில் போட்டால் மட்டும் தெரியாது

ஆடிப்பட்டம் நெருங்கினால் போன வருஷத்துப் பரங்கி விதையை எடுத்துத் தண்ணீரில் கொட்டி, மிதப்பதை எல்லாம் வீசிவிடுகிறோம். அதை மட்டும் நம்ப வேண்டாம். பரங்கி விதையின் ஓட்டுக்கும் பருப்புக்கும் நடுவே காற்று தங்கும். நன்றாகக் காய்ந்த நல்ல விதையும் மிதக்கும். உயிர் போன விதையும் பருப்பு கனமாக இருந்தால் மூழ்கும்.

முதலில் விரலால் அழுத்திப் பாருங்கள். நடுவில் புடைத்து, அமுங்காமல் நின்றால் உள்ளே பருப்பு இருக்கிறது. சப்பையாக அமுங்கினால் பொக்கு. ஓட்டை விழுந்தது, பூஞ்சணம் பிடித்தது எல்லாம் ஒதுக்க வேண்டியவை. இரண்டொன்றை உரித்தும் பார்க்கலாம். பருப்பில் எண்ணெய் அதிகம் என்பதால், சூடும் ஈரமும் உள்ள இடத்தில் கிடந்தால் கெட்டுப்போகும். உள்ளே வெண்மையாக இருந்தால் நல்லது. பழுப்பேறிச் சிக்கு வாடை அடித்தால் அந்த விதையை நம்பிக் குழி வெட்டாதீர்கள்.

உயிர் இருக்கிறதா என்பதை ஈரத்துணிதான் சொல்லும். கழித்தது போக மிஞ்சியதைக் கலந்து, பொறுக்காமல் 20 விதை எடுங்கள். நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியில் பரப்பிச் சுருட்டி, நிழலில் மூடிவையுங்கள். தண்ணீர் சொட்டினால் விதை அழுகிவிடும். நான்காம் நாள் பிரித்துப் பாருங்கள், எட்டாம் நாளோடு கணக்கை முடியுங்கள். தடித்த வெள்ளை வேர் விட்டவற்றை மட்டும் எண்ணுங்கள்.

சான்று பெற்ற பரங்கி விதைக்கு இந்தியாவில் கேட்கப்படும் குறைந்த அளவு முளைப்பு 60 சதவீதம், அதாவது 20-க்கு 12. அதற்குக் குறைந்தாலும் உடனே வீச வேண்டியதில்லை. அரிய நாட்டு ரகமானால் வீசவே கூடாது. பாதிதான் முளைக்கிறது என்றால், குழிக்கு இரண்டு விதை போட்டால் கணக்குப்படி நாலில் ஒரு குழி வெறுமையாகும். ஐந்து போட்டால் நூற்றுக்கு மூன்று குழிதான் அப்படி நிற்கும். மிகுதியாக வந்த நாற்றைக் களைந்துவிடலாம்.

இந்தச் சோதனைகளில் தெரியாதது ஒன்று உண்டு: விதையின் வம்சம். பரங்கிக்குத் தேனீதான் மகரந்தம் சுமக்கிறது. பக்கத்தில் சுரையோ பீர்க்கோ இருந்தால் பயமில்லை. வேறு ரகப் பரங்கி பூத்திருந்தால் விதை கலந்திருக்கலாம். வீரிய ஒட்டு ரகக் காயில் எடுத்த விதையும் தாயைப் போலவே காய்க்காது. அதனால் விதை வாங்கும்போது, காய் எந்தத் தோட்டத்தில் விளைந்தது, அருகில் வேறு பரங்கி இருந்ததா என்று கேட்டு வாங்குங்கள்.